திரும்பி வந்த தலைகள்

உக்காருங்கண்ணே. கரண்டு இப்பத்தான் போச்சு, வந்துரும். அந்தச் சேர் வேணாம், கால் ஆடும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. கல்யாண ஃப்ளெக்ஸ்தானே? மகனுக்கா, மகளுக்கா? மகளுக்கா. நல்லது, ஜமாய்ச்சிருவோம்.

என்ன பாக்குறீங்க, குறுக்க வச்சிருக்குற அந்தப் பலகையா? வர்றவுக எல்லாரும் கேக்குறதுதேன். வெளிய போர்டுல சவுந்தரபாண்டி டிஜிட்டல்ஸ்னு இருக்குல்ல, அந்தச் சவுந்தரபாண்டி நான்தேன். கடை என்னுது, கம்ப்யூட்டர் என்னுது, அந்தப் பலகையும் நான் வாங்குன பலகைதேன். ஆனா அதுக்கு அங்கிட்டு நான் போகக் கூடாது. போனா வேலைய விட்டு நின்னுக்கிறேன்னு பாண்டீஸ்வரி சொல்லியிருக்கு. பாண்டீஸ்வரின்னா நம்ம டிசைனரு, சாப்பிடப் போயிருக்கு. நீங்க வேணா உள்ள போகலாம். தெருநாய்கூடப் போகுது. நான் போகக் கூடாது.

நான் என்ன தப்புப் பண்ணேன்னு நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. கரண்டு வர்ற வரைக்கும் நமக்கும் பொழுது போகணும்ல.

மொதல்ல என் மாமனாரப் பத்திச் சொல்லணும். வைரவன்னு பேரு. சோழவந்தான்ல தேங்கா மண்டி வச்சிருந்தவரு. கேள்விப்பட்டிருப்பீங்க. இந்த ஊர்ல எனக்கு ஒரு மரியாதை இருக்குன்னா அது அவரு என்னைய 'மாப்ள'ன்னு கூப்பிடுறதுதேன். பத்துப் பேரு நிக்கைல "வாங்க மாப்ள"ன்னு சத்தமா ஒரு வார்த்தை சொல்லுவாரு. அன்னைக்குப் பூரா எனக்குப் பசிக்காது. பெத்த மகன் தவமணியக்கூட "டேய்"தான். என்னைய மட்டும் மாப்ள, மாப்ள. அதுக்குத்தாண்ணே வேட்டு வந்துருச்சு.

எப்படி வந்துச்சுன்னா, சரஸ்வதி பூஜையில வந்துச்சு.

பூஜைக்குக் கடையச் சுத்தம் பண்ணுவோம்ல. அன்னைக்குப் பாண்டீஸ்வரி லீவு. நானே நின்னு ஒட்டடை அடிச்சு, கழுவி விட்டு, மெசினு, கத்தரி, ஸ்கேல் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சேன். மானிட்டருக்கும் வச்சேன். வைக்கையில ஒரு யோசனை வந்துச்சு. வெளிய தொடைச்சுட்டோம், உள்ள குப்பை அப்படியே இருக்கே, சரஸ்வதி எங்க வந்து உக்காரும்? கம்ப்யூட்டர் வேற கொஞ்ச நாளா ஆமையா நகருது. சரின்னு உக்காந்து ஒவ்வொண்ணாத் தொறந்து பாத்தேன். ஒண்ணைத் தொறந்தா, எல்லாம் தலைண்ணே. வெறும் தலை. கழுத்துக்குக் கீழ ஒண்ணுமில்ல. வரிசையா மேலயும் கீழயும், போகப் போகத் தலை. டெய்லர் கடையில வெட்டுத்துணி கிடக்குமே, அது மாதிரி வெட்டி மிஞ்சுனதைக் கூட்டி அள்ளாமப் போட்டு வச்சிருக்குன்னு நெனச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாக. நீங்க நெனைச்சிருப்பீங்கள்ல? அழிச்சேன்.

அழிச்சதும் அது குப்பைத்தொட்டிக்குப் போச்சு. கம்ப்யூட்டர்லயும் ஒரு குப்பைத்தொட்டி இருக்கு, மூலையில. அது நெறஞ்சு போச்சுன்னு படம் காட்டுது. பூஜை அன்னைக்குக் கடையில குப்பைத்தொட்டி நெறஞ்சு இருக்கலாமா? அதையும் கொட்டிட்டேன். 'நிச்சயமாவா'ன்னு அது கேட்டுச்சு. நான் எப்பவுமே நிச்சயமான ஆளு. ஆமான்னு அமுக்கிட்டேன். பெறகு பூஜைக்குன்னு சாமி பாட்டு நெறைய எறக்கி அதுலயே போட்டு வச்சேன். பூசணிக்கா உடைச்சு, பொரி குடுத்து, ரொம்பத் திருப்தியா வீட்டுக்குப் போனேன்.

விஜயதசமி அன்னைக்குப் பாண்டீஸ்வரி வந்துச்சு. கம்ப்யூட்டரப் போட்டுச்சு. அங்கிட்டும் இங்கிட்டும் தேடுச்சு.

"அண்ணே, தலையெல்லாம் எங்கண்ணே?"

"எந்தத் தலை?"

"ஊர்த் தலைண்ணே."

அப்புறந்தான் அது என்னன்னு வெளங்குச்சு. ஃப்ளெக்ஸுல அடியில சின்னச் சின்னதாத் தலை போடுவோம்ல, சொந்தக்காரவுக, கூட்டாளிக, கட்சிக்காரவுக எல்லாரையும். அந்தத் தலைய ஒவ்வொரு வாட்டியும் போட்டோவுல இருந்து வெட்ட முடியாது. ஒரு வாட்டி பாத்துப் பாத்து வெட்டி வச்சுக்கிட்டா, காதுகுத்துக்கும் அதே தலை, கல்யாணத்துக்கும் அதே தலை, கருமாதிக்கும் அதே தலை. பாண்டீஸ்வரி வேலைக்கு வந்த நாள்ல இருந்து வெட்டிச் சேத்து வச்சது அது. சோழவந்தான்ல இருக்குற அம்புட்டுத் தலையும் அதுக்குள்ள இருந்துச்சாம்.

"அண்ணே, ஊரையே சாச்சுப்புட்டீங்களேண்ணே"ன்னு அழுதுச்சு. 'பூஜை அன்னைக்கு லீவு போட்டுட்டு என்னையச் சொல்றியா'ன்னு கேக்க வந்தேன். அழுகைல கேக்க வேணாம்னு விட்டுட்டேன். எனக்கு அந்த அளவு எரக்கம் உண்டு.

சரி, புதுசா போட்டோ வாங்கிக்குவோம்னு சொன்னேன். அது கண்ணத் தொடைச்சுக்கிட்டு, "குடுப்பாகளாண்ணே?"ன்னு கேட்டுச்சு. ஞாயமான கேள்விதேன். அந்தத் தலையெல்லாம் அவுகவுகளே தேடிக் குடுத்தது. தலையில முடி இருந்த காலத்துல எடுத்தது. இப்பப் போயி கேட்டா என்னத்தைக் குடுப்பாக? முடியோட இருந்த தலையத் தொலைச்சுட்டு, வழுக்கையோட ஒண்ணு குடுன்னு எவன்கிட்டப் போயி நிக்கிறது?

அதுலயும் ஐப்பசியில என் மாமனாருக்கு எழுபதாம் கல்யாணம். போன வருசம் நெஞ்சு வலி வந்து, மதுரையில ஆஸ்பத்திரியில கெடந்து, பொழைச்சு வந்த மனுசன். அதனால பெரிசாச் செய்யணும்னு குடும்பமே முடிவு பண்ணிருச்சு. மண்டபம், மேளம், சமையலு எல்லாம் தவமணி. ஃப்ளெக்ஸு மட்டும் மருமகன். வாசல்ல வைக்கிற பெரிய ஃப்ளெக்ஸு. பங்காளி, சம்பந்தி, அங்காளி எல்லாத் தலையும் வேணும். ஒரு தலை விட்டுப்போச்சுன்னா அந்த வீட்டுல இருந்து ஒருத்தரும் வரமாட்டாக. எங்க சொந்தம் அப்படி. உங்க சொந்தமும் அப்படித்தானா? எல்லா எடத்துலயும் அப்படித்தேன்.

நான் தலையில கைய வச்சு உக்காந்துட்டேன். பாண்டீஸ்வரிதான் அது வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச்சு. அவரு மதுரையில கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குறவரு. அவரு சொன்னதை அது எனக்குச் சொல்லுச்சு. அழிச்சா அழிஞ்சு போகாதாம்ணே. வீட்டுக் கதவுல இருக்குற பேரத்தான் அழிக்குதாம், வீடு உள்ள அப்படியே இருக்குமாம். அந்த எடத்துல புதுசா ஒண்ணக் கொண்டாந்து கட்டுனாத்தான் பழைய வீடு இடியுமாம். பேரு இல்லாத வீட்டையெல்லாம் தேடிக் கண்டுபிடிச்சுக் குடுக்குறதுக்குன்னே ஒரு சாப்ட்வேர் இருக்காம்.

"அதுவரைக்கும் இதுல ஒண்ணும் புதுசா ஏத்தக் கூடாதாம். ஏதும் ஏத்துனீங்களாண்ணே?"

"சாமி பாட்டு மட்டுந்தான்."

அது என்னையப் பாத்த பார்வைய நான் மறக்கல. சாமி பாட்டுத்தானேண்ணே. கெட்ட பாட்டா ஏத்துனேன்?

பென் டிரைவுல அந்தச் சாப்ட்வேர் பஸ்ஸுல வந்து எறங்குச்சு. அதைக்கூட கம்ப்யூட்டர்ல ஏத்தக் கூடாது, வெளிய வச்சுத்தான் ஓட்டணும்னுச்சு பாண்டீஸ்வரி. ஓட விட்டுச்சு. ஒரு பச்சைக் கோடு ஊருது. அப்படியே ஊந்து போயி ஒரு எடத்துல நின்னுருச்சு. நான் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டாந்து சிபியு மேல வச்சேன். நகரல. லேசாத் தட்டுனேன். "அண்ணே, தயவு பண்ணி வெளிய போயி உக்காருங்க"ன்னுச்சு. நான் வெளிய வந்ததும் கோடு நகந்துருச்சுன்னு அது சொல்லுது. எலுமிச்சம்பழம் வேலை செய்யக் கொஞ்சம் நேரம் ஆகும்ல, அது அந்தப் புள்ளைக்குத் தெரியல.

வந்துச்சுண்ணே. அம்புட்டுத் தலையும் வந்துச்சு. ஆனா ஒண்ணுக்கும் பேரு இல்ல, எல்லாம் நம்பரு. கதவுல இருந்த பேரத்தான் நான் அழிச்சுட்டேனே. அதுமட்டுமில்ல, சில தலை பாதிதேன் வந்துச்சு. சாமி பாட்டு போயி உக்காந்த எடமாம். கவுன்சிலரு மீசை வரைக்கும் வந்திருந்தாரு, மீசைக்குக் கீழ சாம்பக் கலரு. என் மச்சினன் தவமணிக்கு நெத்தி மட்டுந்தான் பொழைச்சுது.

இன்னொண்ணு. கேட்டதை மட்டும் குடுக்குற சாப்ட்வேர் இல்ல அது. கம்ப்யூட்டர் வாங்குன நாள்ல இருந்து நாங்க அழிச்ச எல்லாத்தையும் கொண்டாந்து கொட்டிருச்சு. நிச்சயத்தோட நின்னுபோன கல்யாணம் வந்துச்சு. கட்சி மாறுனவரு பழைய கட்சித் துண்டோட வந்தாரு. 'இதெல்லாம் திரும்பி வரக் கூடாததுண்ணே'ன்னு சொல்லிக்கிட்டே பாண்டீஸ்வரி ஒவ்வொண்ணாத் தள்ளிக்கிட்டு இருந்துச்சு. தள்ளிக்கிட்டே இருந்தது திடீர்னு கையத் தலையில வச்சுக்கிச்சு.

"அண்ணே, இதுவும் வந்துருச்சுண்ணே."

எட்டிப் பாத்தா, என் மாமனாரு. கண்ணீர் அஞ்சலி.

பதறாதீங்கண்ணே, சொல்றேன். போன வருசம் அவரு ஆஸ்பத்திரியில கெடந்தாருல்ல, அன்னைக்கு மத்தியானம் டாக்டரு வந்து, இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுட்டாரு. எல்லாரும் அழுதாக. அழுது என்ன ஆகப் போகுது? நான் ஒருத்தன்தான் யோசிச்சேன். எங்க பெரியப்பா செத்தப்ப, எடுத்துட்டுப் போனப்பறம் வந்துச்சு ஃப்ளெக்ஸு. 'ஃப்ளெக்ஸ் கடைக்காரன் வீட்டுச் சாவுல ஃப்ளெக்ஸு இல்லையாம்'னு ஊரே சிரிச்சுச்சு. மாமனாருக்கும் அந்தக் கதி வரலாமா? பஸ்ஸப் புடிச்சுக் கடைக்கு வந்து, பாண்டீஸ்வரிய உக்கார வச்சு அருமையா ஒண்ணு பண்ணேன். 'எங்கள் குலத்தின் ஆலமரம் சாய்ந்தது.' அன்னைக்குத் தேதியவே போட்டேன். பிரிண்டு போடுறது மதுரையில, அங்க சொல்லலாம்னு போன எடுக்கையில என் வீட்டுக்காரி இந்திராணி கூப்பிடுறா. அப்பா கண்ணத் தொறந்துட்டாரு, இட்லி கேக்குறாருன்னு. எனக்கும் சந்தோசந்தேன். உடனே அழிச்சுட்டோம்.

அதுதாண்ணே இப்ப வந்து நிக்குது. எல்லாரும் தேடுற கவுன்சிலரு மீசையோட நின்னுட்டாரு, இது ஒரு முடி கொறையாம வந்துருக்கு. "அழிச்சிரவாண்ணே?"ன்னு கேட்டுச்சு பாண்டீஸ்வரி. எனக்கு மனசு வரல. நல்ல டிசைனு. இருக்கட்டும், பின்னாடி ஒதவும்னேன். நான் தப்பான அர்த்தத்துல சொல்லல. எல்லாருக்கும் ஒரு நாள் வேணும்ல.

அப்புறம் நாலஞ்சு நாளு இந்திராணி வந்து பாண்டீஸ்வரி பக்கத்துல உக்காந்து, இது இன்னார் வீட்டு மருமகன், இது இன்னார் சம்பந்தின்னு தலைக்கெல்லாம் பேரு சொன்னா. எழுபதாம் கல்யாண ஃப்ளெக்ஸு தயாராயிருச்சு. நெத்தியோட நின்ன தவமணிக்கு மட்டும் வேற போட்டோ வாங்கிப் போட்டுச்சு. "அண்ணே, சாப்பிட்டு வந்து நான் அனுப்புறேன். எதையும் தொடாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போச்சு. அது அங்கிட்டுப் போகவும் பிரிண்ட் போடுற மதுரைக்காரரு கூப்பிடுறாரு. 'இப்ப அனுப்புனா சாயங்காலப் பஸ்ஸுல போட்டு விட்டுருவேன், இல்லைன்னா என்னால ஆகாது'ங்குறாரு. நான் என்ன செய்ய? போயி உக்காந்தேன். என் மூக்குக்கண்ணாடி வீட்டுல கெடக்கு. குட்டிக் குட்டியாப் படம் தெரியுது. என் மாமனாரு மாலையோட இருக்காரு, ரெண்டு பக்கமும் குத்துவெளக்கு, அடியில தலை வரிசை. இதுதான்னு அனுப்பிட்டேன். கல்யாணத்துக்கும் மாலைதான், சாவுக்கும் மாலைதான். கல்யாணத்துக்கும் குத்துவெளக்கு, சாவுக்கும் குத்துவெளக்கு. அப்படி வச்சது யாரு, நானா?

சுருட்டி வந்த ஃப்ளெக்ஸ பஸ்ஸுல இருந்து எறக்கி, அப்படியே பந்தக்காரர்கிட்டக் குடுத்தாச்சு. அவுக வெள்ளன எந்திரிச்சு மண்டப வாசல்ல கட்டிட்டாக. பெறகு கேட்டா, 'எங்களுக்கு அளவுதாண்ணே தெரியும், எழுத்தெல்லாம் நாங்க பாக்குறதில்ல'ங்குறாக.

மேளச்சத்தத்தோட கார் வந்து நிக்குது. நானும் இந்திராணியும் வாசல்ல பன்னீர்ச் செம்போட நிக்கிறோம், ஃப்ளெக்ஸுக்கு முதுகக் காட்டிக்கிட்டு. மாமனாரு பட்டு வேட்டி, பட்டுத் துண்டோட எறங்குனாரு. எறங்குனவரு எங்களுக்கு மேல பாக்குறாரு. மேளக்காரரும் மேல பாக்குறாரு. மேளம் நின்னுருச்சு. நான் திரும்பிப் பாத்தேன். கண்ணீர் அஞ்சலி தொங்குதுண்ணே.

அந்த நேரம் பாத்து ஒரு ஆட்டோ வருது. மாமனாரு கூடப்பொறந்த தங்கச்சி செவனம்மா, கம்பத்துல கட்டிக் குடுத்தது. ஆட்டோவுல இருந்தே அதைப் பாத்துருச்சு. எறங்கறதுக்குள்ள மாருல அடிச்சுக்கிட்டு, "எங்கண்ணே, எட்டூருக்கு ராசாவே"ன்னு ஒப்பாரி எடுத்துருச்சு. மாமனாரு பக்கத்துல போயி, "ஏத்தா, நான் இங்க நிக்கிறேன்"னு தோளத் தொட்டாரு. அது அவரைப் பாத்துச்சு. "செத்த பொறுண்ணே, அடியெடுத்துட்டேன்"னு சொல்லி, அந்த அடிய முடிச்சுட்டுத்தான் கண்ணத் தொடைச்சுச்சு.

மாமனாரு கண்ணாடிய எடுத்து மாட்டுனாரு. மேல இருந்து கீழ வரைக்கும் நிறுத்தி நிதானமா வாசிச்சாரு. தேதியப் பாத்துட்டு, "போன வருசமே செத்துட்டனா? அப்ப இந்த ஒரு வருசமா சோறு தின்னது யாரு?"ன்னு கேட்டாரு. தேதிய இன்னொருக்கா பாத்தாரு. அது எந்த நாளுன்னு அவருக்கு அப்பத்தான் புரிஞ்சிருக்கு. என் பக்கம் திரும்பி, "நான் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கையிலயா மாப்ள?"ன்னாரு. மெதுவாத்தான் கேட்டாரு.

நான் பதில் சொல்லியிருப்பேன். அதுக்குள்ள மத்தவுக ஆரம்பிச்சுட்டாக. அவுக கேட்டது வேற. தவமணி, "பெத்த மகன் என் தலை கடைசி வரிசையில, மருமகன் தலை அப்பாவுக்குப் பக்கத்துலயா?"ன்னு குதிக்கிறான். பங்காளி ஒருத்தரு, "அப்ப அண்ணன் செத்தா எங்க தலைக்கு எடம் கெடையாதா?"ன்னு துண்ட ஒதறுறாரு. சாகாத மனுசனப் பக்கத்துல வச்சுக்கிட்டு சாவுல எடத்துக்குச் சண்டை போடுறாய்ங்க. என்ன சனங்கண்ணே. மாமனாரு அதை ஒண்ணும் காதுல வாங்கல. என் தலையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. அது குத்தாலத்துல எடுத்த போட்டோ, கூலிங் கிளாஸ் போட்டு. எனக்கு எடுப்பா இருக்கும்.

"என் சாவுக்குக் கூலிங் கிளாஸ் போட்டு வந்துருக்கீக"ன்னாரு.

இந்திராணி பன்னீர்ச் செம்பக் கீழ வச்சுட்டு, "ஏங்க, இதுல என் தலை எங்க?"ன்னா. அட, சாவு ஃப்ளெக்ஸுல நம்ம பக்கம் பொம்பளைக தலை போடுற வழக்கம் இல்லண்ணே. கல்யாணத்துக்குத்தான் போடுவோம். அதைத்தான் சொன்னேன். அவ உள்ள போயிட்டா. அவுக அப்பாவும் அவ பின்னாடியே போயிட்டாரு.

வேற ஃப்ளெக்ஸு கெடையாது. 'கண்ணீர் அஞ்சலி'ங்கற எழுத்து தெரியாம மேல மடக்கிக் கட்டச் சொன்னேன். மடக்குனதுல மாமனாரு நெத்தியும் சேந்து மடங்கிருச்சு. அப்படியே கல்யாணம் நடந்துச்சு. கூட்டத்துல பாதி சிரிச்சுச்சு. எங்க வீட்டு ஆளுக ஒருத்தரும் சிரிக்கல.

அன்னையில இருந்து மாப்ளைங்கற சொல்லு நின்னு போச்சு. திட்டல, கோவிக்கல. "வாங்க கடைக்காரரே"ங்குறாரு. பொங்கலுக்குப் போனா, "கடைக்காரருக்கு எலை போடு." பத்துப் பேரு நிக்கைல, "இவருதான் ஃப்ளெக்ஸ் கடைக்காரரு." பேசாம நாலு அறை விட்டிருக்கலாம். இந்திராணி கொழம்ப வச்சுட்டு மூஞ்சியப் பாக்காமப் போயிருவா. நான் பொழுதன்னைக்கும் நெனைப்பேன், ஆஸ்பத்திரியில அத்தனை பேரு சும்மா அழுதுக்கிட்டு நின்னாய்ங்களே, அவய்ங்களையெல்லாம் விட்டுட்டு வேலை பாத்தவன நோகுறாரேன்னு.

தை பொறந்ததும் ஒரு நாளு மாமனாரு கடைக்கு வந்தாரு. என்னைய ஏறெடுத்துப் பாக்கல. நேரா பாண்டீஸ்வரிகிட்டப் போயி, "தாயி, அந்த என்னுத எடு"ன்னாரு. நாங்க அழிக்கத்தான் சொல்றாருன்னு நெனச்சோம். அவரு சேரப் போட்டு உக்காந்துட்டாரு.

"செத்தப்பறம் என்னால பாக்க முடியாது. இப்பவே திருத்திருவோம்."

வாரா வாரம் வந்தாருண்ணே. மொதல்ல அவரு போட்டோவ மாத்துனாரு. ஸ்டுடியோவுல எடுத்தது, இளவட்டத்துல, ஒரு பிளாஸ்டிக் டெலிபோனக் காதுல வச்சு. "மாமா, அஞ்சலியில போயி யாருகிட்டப் போன் பேசுறீங்கன்னு கேப்பாங்களே"ன்னேன். "எழவுக்கு வராதவன்கிட்டப் பேசுறேன் கடைக்காரரே"ன்னாரு. அப்புறம் தலை. இவன் பாக்க வந்தான், மேல தூக்கு. இவன் வரல, ஓரத்துக்குத் தள்ளு. சொந்தத்துக்குள்ள விசயம் பரவிருச்சு. அவரு வீட்டுக்குப் பழம் என்ன, பலகாரம் என்ன. தவமணி ஒரு நாளு அப்பாவ அவனே வண்டியில கூட்டிட்டு வந்து எறக்கி விட்டான். அன்னைக்கே அவன் தலை முன்னுக்கு வந்துருச்சு. என் தலை மட்டும் வாரா வாரம் சுருங்கிக்கிட்டே போகுது. கடைசியில கடுகளவு ஆயிருச்சு.

ஒரு மனுசன் எம்புட்டுத்தான் பொறுக்குறது? பாண்டீஸ்வரி இல்லாத நேரம் நான் போயி என் தலையக் கொஞ்சம் பெருசாக்குனேன். கொஞ்சந்தேன். அதுல எங்கிட்டோ கை பட்டு, தவமணி தலை காணாமப் போச்சு. மறுபடி பென் டிரைவு, மறுபடி அந்தப் பச்சைக் கோடு. அன்னைக்கு வச்சதுதான் இந்தப் பலகை. இப்பப் புரியுதா? என் தலைய நான் பெருசாக்குனதுக்கு எனக்குத் தண்டனை.

அந்த ரெண்டாவது வாட்டி வந்த குப்பையில ஒரு போட்டோ கெடந்துச்சு. பாண்டீஸ்வரி தள்ளிக்கிட்டுப் போகையில மாமனாரு, "நிறுத்து தாயி"ன்னாரு. ஆஸ்பத்திரியில நான் என் போன்ல எடுத்தது அது. இந்திராணி அவரு படுத்திருந்த ரூமு வாசல்ல, தரையில கெடந்து தூங்குறா. வாயப் பொளந்துக்கிட்டு, தலையெல்லாம் கலைஞ்சு. தலைக்கு அவரு செருப்ப வச்சிருந்த மஞ்சப்பை. வேடிக்கையா இருக்கேன்னு எடுத்துக் கம்ப்யூட்டர்ல ஏத்துனேன், வெளிச்சம் பத்தலைன்னு அழிச்சுட்டேன்.

மாமனாரு பாத்துக்கிட்டே இருந்தாரு. "இத எனக்குப் பக்கத்துல போடு"ன்னாரு.

நான் பலகைக்கு இங்கிட்டு இருந்து, "மாமா, அதுல லைட்டிங் சரியில்ல. நல்லதா ஒண்ணு எடுத்துத் தரேன்"னேன். அவரு திரும்பல. "எம் புள்ளைக்கு எம்புட்டு வெளிச்சம் வேணுமோ அம்புட்டு இருக்கு. நீ போடு தாயி"ன்னாரு. அது போட்டுச்சு. அவரு டெலிபோனோட நிக்கிறாரு, பக்கத்துல அவரு அளவுக்கே இந்திராணி, தூங்குறா. டிசைனா பாத்தா ஒண்ணுத்துக்கும் ஆகாது. ஆனா நான் அன்னைக்கு அதை அழிக்கச் சொல்லல.

அப்பறம் அவரு, "கடைக்காரரு தலையக் கொஞ்சம் பெருசாக்கு"ன்னாரு. எனக்குக் காது குளுந்து போச்சு. "ஆனா அந்தக் கண்ணாடியக் கழட்டிரு"ன்னாரு. பாண்டீஸ்வரி, "கழட்ட முடியாதுய்யா, கண்ணாடிக்குப் பின்னாடி கண்ணு இல்ல. எடுக்கையிலயே மூடித்தான் எடுத்துருக்கு"ன்னுச்சு. "அப்பக் கண்ணோட ஒண்ணு எடு. அழுத கண்ணோட எடு"ன்னாரு.

இந்த ஸ்டூல்லதாண்ணே உக்காந்தேன், நீங்க உக்காந்திருக்கீங்களே, இதுல. பாண்டீஸ்வரி கேமராவோட நிக்குது. அழுகை வரல. மூஞ்சியச் சுருக்கிப் பாத்தேன். "தும்மப் போற மாதிரி இருக்குண்ணே"ங்குது. உள்ளங்கையக் கிள்ளிப் பாத்தேன். மாமனாரு எதுக்க உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காரு. பாத்துப் பாத்து அலுத்துப் போயி, "இந்தாங்க, இங்க பாருங்க. நான் செத்துட்டேன்னு நெனைங்க"ன்னு கண்ண மூடி, தலையச் சாச்சு, சேர்ல அப்படியே கெடந்தாரு.

நான் நெனைக்கவெல்லாம் இல்லண்ணே. அவரு கையப் பாத்தேன். தேங்கா உரிச்சுக் காச்சுப்போன கை, மடியில அசையாமக் கெடக்கு. இனிமே இந்த மனுசன் கடைக்காரரேன்னுகூட கூப்பிட மாட்டாரேன்னு ஒண்ணு வந்துச்சு பாருங்க. அவ்வளவுதேன். புள்ளைக தேம்புற மாதிரி தேம்பிட்டேன். மூக்குல இருந்து ஒழுகுது, தொடைக்கக்கூடத் தோணல. பூஜைக்கு அடிச்ச ஒட்டடை ஃபேன்ல மிச்சம் இருந்து கண்ணுல விழுந்திருக்கும்னு அப்புறமா பாண்டீஸ்வரிகிட்டச் சொன்னேன். அது பாட்டுக்கு அமுக்கி எடுத்துருச்சு.

மாமனாரு கண்ணத் தொறந்தாரு. எந்திரிச்சுப் போயி, போட்டோவ அவரு பக்கத்துல, இந்திராணிக்கு அடியில போடச் சொல்லி, தள்ளி நின்னு பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

"இப்பத்தான் மாப்ள, நான் செத்த மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டு, துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, நிம்மதியா டீ குடிக்கப் போயிட்டாரு.